தரிசு என்று எழுதியவள்

மலைக்குடியில் அலுவலக மொழியை முதன்முதலாக எழுதப் படிக்கக் கற்றவள் அவள்தான். அப்பா அம்மா இல்லை. அக்காதான் மண்ணில் பாடுபட்டுப் படிக்க வைத்தாள். நில அளவை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தபோது பஸ் ஏற்றிவிட வந்ததும் அக்காதான்.

"அங்க போய் வாயை மூடிக்கிட்டு இருக்காதடி. நம்ம பக்கம் பேச ஒரு வாயாவது வேணும்."

ஊரார் அவளை மொழிக்காரி என்று பெருமையாகக் கூப்பிட்டார்கள்.

மூன்றாம் வருடம், மலையில் உள்ள நிலத்தையெல்லாம் வீடு வீடாகப் பதிவு செய்ய உத்தரவு வந்தது. படிவத்தில் மூன்றே கட்டங்கள்: குடியிருப்பு, பயிர், தரிசு. மலைக்குடியினர் ஒரு சரிவில் மூன்று வருடம் விதைப்பார்கள். பிறகு ஏழு வருடம் தொட மாட்டார்கள். ஆடு மேயாது, ஒரு சுள்ளி ஒடிக்க மாட்டார்கள். வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கீழே ஊற்று நிறையும். அதற்கு அவர்கள் மொழியில் 'தூங்குகிற நிலம்' என்று பெயர். அதற்குக் கட்டம் இல்லை.

"சார், இது தரிசு இல்ல. தூங்குது. ஏழு வருஷம் கழிச்சு எழுப்புவாங்க."

அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. வயிறு குலுங்கச் சிரித்தார். "குறட்டை விடுதான்னு கேட்டுட்டு வாம்மா. பயிர் இருந்தா பயிர், இல்லன்னா தரிசு. இந்த மாசம் முடிச்சுக் குடு, உன் வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்."

இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களில் அவள் தரிசு என்று எழுதினாள். அக்காவின் படிவத்தை எழுதும்போது அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து பேனா போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி எழுதின?"

"தூங்குதுன்னு எழுதியிருக்கேன்க்கா."

"முத்து முத்தா இருக்கு உன் எழுத்து."

வேலை நிரந்தரமாயிற்று. மறுவருடம், அந்தச் சரிவுகளில் சுரங்கம் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். "தரிசு நிலத்தில்தான் தோண்டப் போகிறோம், யாருக்கும் நஷ்டமில்லை" என்றார் சுரங்கத்துக்காரர். மொழிக்காரி அதை மைக்கில் மொழிபெயர்த்தாள். உடனே அக்கா எழுந்து நின்றாள்.

"தரிசா? யாரு சொன்னா? என் தங்கச்சி கைப்பட எழுதியிருக்கா, தூங்குற நிலம்னு. எடுத்துப் படிடி."

படிவம் மேஜைமேல்தான் இருந்தது. அவள் அதை எடுத்து விரித்தாள்.

"படி."

"தரிசு," என்று படித்தாள்.

மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று. அக்கா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனாள். அன்றிலிருந்து ஊர் மொழிக்காரியை ரெட்டை நாக்கு என்று கூப்பிட்டது.

சரிவுக்கு வெடி வைத்தார்கள். முதல் மழையில் சேறு இறங்கி ஊற்றை மூடியது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று ஊற்றுக்கண்ணைத் தோண்டப் போன அக்காவின் புருஷன்மேல் இரண்டாம் மழையில் மலையே சரிந்தது. உடலை எடுக்க மூன்று நாளாயிற்று. துக்கத்துக்குப் போன தங்கையை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

சுரங்கத்தை நிறுத்தச் சொல்லி அவள் கோர்ட்டுக்குப் போனாள். அந்தப் படிவங்கள் தப்பு, எழுதியது நான்தான் என்று வாக்குமூலம் கொடுத்தாள்.

"அப்போ அரசாங்க ஆவணத்துல பொய் எழுதினீங்கன்னு ஒத்துக்கறீங்க?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"ஆமா."

ஒத்துக்கொண்டதற்கு அவளுக்கு ஆறு மாதச் சிறை. வேலையும் போயிற்று. பொய் சொன்னவளின் சாட்சி செல்லாது என்று படிவங்களை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சுரங்கம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

விடுதலையானதும் நேராக அக்காவைத் தேடிப் போனாள். சுரங்கத்தின் விருந்தினர் விடுதியில் கழிப்பறை கழுவுகிற வேலை அக்காவுக்கு. நீல யூனிஃபார்ம், கையில் பிரஷ், முன்தலை முழுக்க நரை. அவள் தங்கள் மொழியில் "அக்கா" என்றாள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விடுதியில் பழகியிருந்த அலுவலக மொழியில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கேட்டாள்:

"யாரு மேடம் வேணும்? ஆபீஸ் அந்தப் பக்கம்."

அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் கேட்டது.