அம்பாசமுத்திரத்துக்கு ரயிலில் 220, காரில் 80

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போக ரயில் மலிவா, கார் மலிவா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ரயில்தான் என்று யோசிக்காமல் சொல்வீர்கள். நானும் 1996 வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் என் மாமனார் பக்கவாதம் வந்து அம்பாசமுத்திரத்தில் படுத்துவிட்டார். பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். என் மனைவி கல்யாணிக்கு மாதம் ஒருமுறையாவது அப்பாவைப் பார்த்தாக வேண்டும். நான், அவள், அம்மா, தங்கச்சி, பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஆறு பேர் கிளம்புவோம்.

முதல் மாதம் ரயில். டிக்கெட் ஆறு ரூபாய், பிள்ளைகளுக்கு அரை டிக்கெட். போக வர அறுபதுதான். ஆனால் வீட்டிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு எப்படிப் போவது?

"அண்ணாச்சி, ஆறு பேர ஒரே வண்டில ஏத்துனா போலீஸ்காரன் எங்கிட்டல்லா கேப்பான்? ரெண்டு ஆட்டோ புடிங்க" என்றார் ஆட்டோக்காரர்.

இரண்டு ஆட்டோ, ஐம்பது ரூபாய். அம்பாசமுத்திரத்தில் இறங்கி மாமனார் வீட்டுக்குப் போக இன்னொரு முப்பது. திரும்பி வரும்போதும் இதே தண்டம். மொத்தம் 220! ரயிலை விட ஆட்டோவுக்குத்தான் அழுதிருக்கிறேன்.

எனக்கு ஒன்று மண்டைக்குள் புகுந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. அடுத்த மாதம் பெரியப்பா மகனின் பழைய டீசல் அம்பாசிடரை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். போக வர எண்பது கிலோமீட்டர், டீசல் ஏழு லிட்டர், 63 ரூபாய். சேரன்மகாதேவியில் டீ, வடை 17. மொத்தமே எண்பது! ஏழு மணிக்குக் கிளம்பி எட்டேகாலுக்கு வாசலில் நின்றோம். என்னவோ கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் மாமா கண்ணயர்ந்தார். கார் கையில் இருக்கும்போது எதற்குச் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்? இரண்டரைக்கே எல்லோரையும் கிளப்பினேன். "அப்பா முழிக்கட்டுமே" என்றாள் கல்யாணி. "தூங்குறவர எழுப்பாண்டாம், பைய வா" என்றேன். காரில் ஏறியதும் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் என் மச்சினன் போன் செய்தான். "அத்தான், அப்பா நாலு மணிக்கு முழிச்சி அக்காவத் தேடுனாவ. அஞ்சே முக்காலுக்குத்தான ரயிலு, அதுக்குள்ள அவ எங்க போனான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாவ."

போன மாதம் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அப்பாவும் மகளும் பேசினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் வைத்தியர், மருந்து, வந்து போகிறவர்கள். தூங்கி எழுந்த பிறகுதான் மாமாவுக்கு நாக்கு கொஞ்சம் இளகும். நூற்று நாற்பது ரூபாயை மிச்சம் பிடித்து அந்த நேரத்தைப் பிடுங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அடுத்த மாசம் ரயில்லயே போவோம்" என்றாள் கல்யாணி.

"கூட நூத்தி நாப்பது ஆகுமே?"

"ஆகட்டும்."

ரயிலிலேயே போனோம். மாமா நாலு மணிக்கு விழித்தார். அவள் வைத்த ரசத்தில் உப்பு கூடுதல் என்று சொல்லி முடிக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆகவே நண்பரே, இன்றைய விலையில் நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். தனியாளாகப் போனால் ரயில். நாலு பேருக்கு மேல் என்றால், வண்டி சொந்தமாக இருந்தால், கார்தான் மலிவு. ஆனால் ரயிலுக்கு இருப்பதுபோல் காருக்கும் ஒரு புறப்படும் நேரம் வையுங்கள். அதை வீட்டுக்காரர்களிடம் போனதுமே சொல்லிவிடுங்கள்.

பிறகு நாங்கள் காரில்தான் போனோம். உள்ளே நுழைந்ததும் சாவியை மாமாவின் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன். அவர் எடுத்துக் கொடுத்தால்தான் வண்டி நகரும். ஒருநாள் ஆறரை மணியாகியும் தரவில்லை. கல்யாணி அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மெதுவாக, "மாமா, சாவி..." என்றேன்.

"ரயிலு... லேட்டு, மாப்ள" என்றார்.