சீப்பும் கத்தரியும்

என் மேசை இழுப்பறையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி ஒன்று கிடக்கிறது. வளையமில்லாமல் உள்ளங்கையில் வைத்து அழுத்தி வெட்டுகிற வகை. யாருடையது என்று சண்டை வராமலிருக்க அதன் பிடியில் என்னோடு வேலை பார்த்த அக்கா சிவப்பு நூல் சுற்றியிருந்தார், அது வெளுத்துப்போய் இன்னும் இருக்கிறது. தையல் கம்பெனியை விட்டு நான் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. பால் பாக்கெட் வெட்டக்கூட அதைத் தரமாட்டேன் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் என்மேல் கடுப்பு.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் சேதராப்பட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் எனக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையில் தையல் விட்டிருக்கிறதா, நூல் நீட்டியிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருந்தவரைத்தான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கணவர் இல்லை, மகள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள், வீடு ஓடியது இந்தச் சம்பளத்தில். முழுக்க முழுக்கக் கண்ணை நம்பிய வேலை. கண் மங்கியவர்களிடம் யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். ஒரு நாள் வேறு ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

கம்பெனி பஸ்ஸில் நாங்கள் நாலைந்து பேர் கதை படித்தோம். சண்டே மார்க்கெட்டில் பழைய மாத நாவல்களைக் குவித்து விற்பார்கள். நடுவில் பக்கம் போனவையாகப் பார்த்து அக்கா பொறுக்கி எடுப்பார். "முழுசா இருந்தா படிச்சிட்டுத் தூக்கிப் போட்டுடுவோம். இதுன்னா ஒரு வாரத்துக்குப் பேசலாம்" என்பார். ஒருவர் சத்தமாகப் படிப்பார். கிழிந்த இடம் வந்ததும், போன பக்கங்களில் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் கல்யாணம் செய்துவைத்துவிடுவோம். அக்கா விடமாட்டார். "நீ ஆசப்படறத இன்னாத்துக்குச் சொல்ற? முன்னாடி பக்கத்துல இன்னா இருக்கு, பின்னாடி பக்கத்துல இன்னா இருக்கு, அத வெச்சு சொல்லு." எங்கள் ஊகங்களை வழக்கறிஞர் மாதிரி குறுக்கு விசாரணை செய்வார். எங்கள் ஊகம் உடைந்தால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அட்டை போன ஒரு நாவல் இன்றும் நினைவிருக்கிறது. ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண். பக்கம் கிழிந்த இடத்துக்கு முன் அவள் தன் மேசையைத் துடைத்துவிட்டுத் தோழிக்குத் தன் சீப்பைக் கொடுக்கிறாள். கிழிசலுக்குப் பிறகு ஏதோ ஊரில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்றோம் நாங்கள். அக்கா தலையை ஆட்டினார். "தொரத்துனா மேசயத் தொடைக்க நேரமேது? அவளாத்தான் போறா. போறவதான் கையில இருக்கறத குடுத்துட்டுப் போவா."

அந்தச் சமயத்தில்தான் படிக்கும் வேலை மொத்தமாக என் தலையில் விழுந்தது. "பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடுது, எழுத்து ஆடுது, நீயே படி" என்றார் அக்கா. அந்தச் சாலையின் லட்சணம் தெரியும் என்பதால் நம்பிவிட்டேன்.

மழைக்காலத்தில் வெள்ளைச் சட்டை ஆர்டர் ஒன்று வந்தது. வெள்ளைத் துணியில் வெள்ளைத் தையல். அனுப்பியதில் ஒரு கட்டு குறையோடு திரும்பி வந்தது. எந்த மேசை பார்த்தது என்று நாளைக்கு விசாரிக்கப்போவதாக சூப்பர்வைசர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். மாலையில் அக்கா மேசையை ஈரத்துணியால் ஓரம்வரை துடைத்தார். பிறகு சிவப்பு நூல் சுற்றிய கத்தரியை என்னிடம் நீட்டி, "உன்னுது மொக்கையாயிடுச்சில்ல, இத வெச்சுக்க" என்றார். நானும் சந்தோஷமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பஸ் பாதி வழி வந்திருக்கும். பையில் கைக்குட்டை தேடும்போது விரலில் கத்தரி குத்தியது. துடைத்த மேசை, கொடுத்த பொருள், ஆடுகிற எழுத்து, வெள்ளையில் வெள்ளை. எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. நான் இறங்க வேண்டியது ரெட்டியார்பாளையம். கருவடிக்குப்பத்தில் அக்காவோடு நானும் இறங்கினேன்.

"கத்தரிய நாளைக்குத் தந்துடறேங்க்கா."

"வெச்சுக்கன்னு தான குடுத்தேன்."

"சீப்பு குடுத்தாளே, அந்த மாதிரி குடுத்துட்டீங்க."

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அங்கிருந்த பெட்டிக்கடை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். "மாசக் கணக்கா மங்கலாத்தான்டி தெரியுது. அவங்க தொரத்துனா இங்க எந்தக் கம்பெனிலயும் சேத்துக்க மாட்டாங்க. அதான் நாமளே போயிடலாம்னு பாத்தேன்." அழவில்லை. சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"போறது இருக்கட்டும். மொதல்ல கண்ணக் காட்டலாம், நானும் வர்றேன்" என்றேன். மறுநாள் இரண்டு பேருமே லீவு போட்டுவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். கண்புரை என்றார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து, தடித்த கண்ணாடியோடு அக்கா அதே நாற்காலிக்குத் திரும்பினார். கத்தரியை அவர் மேசையிலேயே வைத்தேன். திரும்பி வந்த கட்டு எந்த மேசையினுடையது என்று கடைசிவரை முடிவாகவில்லை. சூப்பர்வைசர் கொஞ்ச நாள் கண்ணாடியையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு சட்டையில் கூடக் குறை வராததால் பிறகு மறந்துபோனார். மகள் அந்த வருடம் பாஸ் செய்தாள். கல்யாணமாகி நான் வேலையை விட்டபோது அக்கா மறுபடியும் அந்தக் கத்தரியை நீட்டினார். "இந்த வாட்டி இதுக்கு அர்த்தம்லாம் கெடையாது. சும்மா வெச்சுக்க."

போன மாதம் சண்டே மார்க்கெட்டில் ஒரு பழைய நாவலைப் புரட்டினால் அதே சீப்பு; அந்த நாவல் முழுதாகக் கிடைத்தது. நின்றபடியே தொலைந்த பக்கங்களைப் படித்தேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

"நீங்க சொன்னதுதாங்க்கா. யாரும் தொரத்தல, அவளாத்தான் போயிருக்கா."

"சீப்ப வாங்குனாளே, அவ இன்னா பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. தலைய வாரிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா."

நான் இழுப்பறையைத் திறந்து கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"பாவம்டி" என்றார் அக்கா. "அவ நம்ம பஸ்ஸுல வந்து கதை படிச்சதில்ல."