குழாயடியில் எழுத்துக் கூட்டியவள்

போன வாரம் எங்கள் தாராவிச் சந்தில் ஒரு பிள்ளை பேசியது. இது ஒரு சங்கதியா என்பீர்கள். பேசியிருக்காவிட்டால், தாயை விட்டுச் சனிக்கிழமை ரயிலேறியிருக்கும்...

பக்கத்து அறை முத்துக்கனியின் மகள் ராணி. ஒன்றரை வயது. 'அம்மா' கிடையாது, 'அப்பா' கிடையாது. சதா 'பா... பா... னி... னி...' என்று ஒரு மழலை. காதருகே டிரான்சிஸ்டரை அலறவிட்டும் திரும்பவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் தோல் பட்டறை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம். அதிலேயே தூங்கி எழுந்த பிள்ளை டிரான்சிஸ்டருக்கா திரும்பும்? நான் சொல்லி யார் கேட்டார்கள்?

ஊரிலிருந்து வந்த மாமியார் முடிவே கட்டிவிட்டாள்.

"காதும் கேக்கல, பேச்சும் இல்ல. எங்கூட அனுப்பு. ஊர்ல வச்சு வைத்தியம் பாக்கேன். நீ இங்கன உம் புருசனுக்குப் பொங்கிப் போடு."

"இன்னும் பால் மறக்கலயே அத்தே..." என்றாள் முத்துக்கனி. பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

வியாழன் காலை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமே தண்ணீர் வரும் குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, மளிகை கட்டி வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ப... ரு... ப்... பு. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். பக்கத்தில் ராணி - 'பா... னி... ஆ... யா...'

அடுத்த நிமிடம் குழாய் கொர்ரென்றது. தண்ணீர்!

அட, இவளும் என்னைப் போலக் கூட்டுகிறாளோ?

வெள்ளிக்கிழமை மாமியாரைக் கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்து வந்தேன். ஒருவரையும் வாய் திறக்க விடவில்லை. ராணி தலையைச் சாய்த்தாள். 'பா... னி... ஆயா.' பிறகுதான் குழாய் கொர்ரென்றது.

"என்ன சொல்லுதா?" என்றாள் மாமியார்.

"தண்ணி வந்துட்டுன்னு இந்தியில சொல்லுதா. தெனமும் இந்தச் சந்தே அப்படித்தான கத்துது? குழாய்க்குள்ள வார சத்தம் நமக்கு முந்தி இவளுக்குக் கேக்கு. இவளா செவிடு?"

நாங்கள் தமிழுக்குக் காத்திருந்தோம். அவள் இந்தியில் கூட்டிக்கொண்டிருந்தாள். நாம் சொல்லிக்கொடுக்கிற வார்த்தையையா பிள்ளை முதலில் பிடிக்கிறது? வீடே எதற்காகக் காத்துக் கிடக்கிறதோ, அதைத்தான்.

அன்றைக்குக் குடம் நிரப்பிய அத்தனை பேரும் ராணியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் போனார்கள். சனிக்கிழமை மாமியார் தனியாக ரயிலேறினாள்.

"அம்மான்னு எப்ப சொல்லுவா பெரியம்மா?" என்றாள் முத்துக்கனி, பிள்ளையை இடுப்பைவிட்டு இறக்காமல்.

"நீயும் குழாய் மாதிரி ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் வந்து பாருளா..."