உலக முடிவுக்கு நாலு பேர்

டிக்கோயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரிய துரை பங்களாவில் சமைக்கும் கோக்கி ஆண்டியப்பனுக்குப் பதினொரு வருசமாக ஒரு சந்தேகம் இருந்தது. மாசி பிறந்தால் துரையும் துரைசாணியும் பிள்ளைகளும், நடப்பதற்கென்றே மூன்று நாள் புறப்பட்டுப் போவார்கள். பாண் ரொட்டி வெட்டி, முட்டை அவித்து, கோழி பொரித்து, பெட்டி பெட்டியாக அடுக்கிக் கொடுப்பது அவன் வேலை. மூன்று நாள் கழித்து அவர்கள் முழங்கால்வரை சேறும், தக்காளிப் பழம் போல முகமும், வாய் நிறையச் சிரிப்புமாகத் திரும்பி வருவார்கள். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது?

ஒருமுறை துணிந்து கேட்டே விட்டான். "வேர்ல்ட்ஸ் எண்ட்" என்றாள் துரைசாணி, வாயில் இனிப்பு கரைவது போலக் கண்ணை மூடிக்கொண்டு.

ஐம்பத்தைந்தாம் வருசம் பொங்கல் முடிந்த கையோடு துரை குடும்பம் ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறியது. பூட்டிக் கிடந்த பங்களாவில் ஆண்டியப்பனுக்குத் தூசி தட்டுவதைத் தவிர வேலையில்லை. கை சும்மா இருக்கவும் பழைய சந்தேகம் தலைக்கேறியது. ஒரு சாயங்காலம் மனைவி வேலாயி கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்து கூடையை இறக்குவதற்குள் விசயத்தைப் போட்டு உடைத்தான்.

"வேலாயி, நாமளும் போறோம். நீ, நான், ராசம்மா. ஒந் தம்பி கந்தப்பனையும் கூட்டிக்குவோம்."

"எங்க?"

"உலக முடிவுக்கு."

வேலாயி கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்தாள். "அங்க என்னா, திருவிழாவா?"

"ஒண்ணும் இல்ல. நடக்கிறது."

"நடந்து?"

"ஒகியா வரைக்கும் ரயிலு. அங்கேருந்து நடந்து போயி, பாத்துட்டு, நடந்து வாரது."

வேலாயி காலையிலிருந்து ஏழாம் நம்பர் மலையை மூன்று தடவை ஏறி இறங்கியவள். கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டையைக் கிள்ளி எறிந்துவிட்டு, புருசனின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

"ஏங்க, நடக்கிறதுக்கா ரயிலேறிப் போவாங்க?"

"தொர போறாரே!"

"தொர வருசம் பூராவும் குதிரையில போறாரு, அவருக்கு நடக்கணும்னு ஆசை வரும். எனக்கு ஆசை வந்தா உக்காரணும்னுதான் வரும்."

ஆனால் பதினாறு வயசு ராசம்மாவுக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. டிக்கோயா, அட்டன் தவிர அவள் ஒரு ஊரும் பார்த்ததில்லை. தோட்டத்து ஆலையான ஸ்டோரில் தேயிலை வறுக்கும் கந்தப்பனோ, "மச்சான், கோழி உண்டா?" என்று மட்டும் கேட்டான். உண்டு என்று தெரிந்ததும் அவனும் அந்தப் பக்கம் சாய்ந்தான். ஒன்றுக்கு மூன்று என்றானபின் வேலாயி, "என்னமோ செய்யுங்க" என்று அடுப்பை ஊதப் போய்விட்டாள். ஆண்டியப்பன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பிரா ஆபீசாக மாறியது. துரை வீட்டில் பார்த்தபடியே ஆண்டியப்பன் லிஸ்ட் போட்டான். கயிறு, தொப்பி, ஊன்றுகோல், கொதிதண்ணீர்ப் போத்தல், டின் வெட்டி.

"நம்மகிட்ட டின்னே இல்லியே அப்பா" என்றாள் ராசம்மா.

"இருந்தா வெட்டணும்ல?" என்றான் ஆண்டியப்பன். டின் வெட்டி லிஸ்டிலேயே இருந்தது.

துரைசாணி பயணத்துக்கு முன்னால் பிள்ளைகளை நடக்கப் பழக்குவாள். ஆண்டியப்பனும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி, மாரியம்மன் கோயில் மேட்டுக்குப் பழக்க நடை என்று கிளப்பினான். பாதி மேட்டில் அவனுக்கு மூச்சு வாங்கியது. பதினொரு வருசம் அடுப்படியில் நின்றவன்; துரை வீட்டு நெய்யும் வயிற்றில் கொஞ்சம் தங்கியிருந்தது. வேலாயி மேட்டுக்குப் போய், சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, விறகும் ஒரு கட்டுப் பொறுக்கிக்கொண்டு இறங்கி வந்தபோது அவன் அதே கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"பழகிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கீழே இறங்கினாள்.

அடுத்தது லீவு. அதிகாலையில் ஆட்கள் வேலைக்கு நிற்கும் பெரட்டுக் களத்திலேயே அழகுமுத்து கங்காணியைப் பிடித்தான் ஆண்டியப்பன்.

"பொம்பளையாளுக்கும் மகளுக்கும் மூணு நாள் லீவு வேணுங்க."

"யாரு செத்தா?"

"யாரும் சாகலீங்க."

"கல்யாணமா?"

"இல்லீங்க. நடக்கப் போறோம்."

கங்காணி கம்பளிக் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தார். முப்பது வருசக் கங்காணி வேலையில் சாவு, கல்யாணம், சடங்கு, தீமிதி, அம்மை, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் லீவு கொடுத்திருக்கிறார். நடப்பதற்கு யாரும் கேட்டதில்லை. "எங்கடா நடக்கப் போறீங்க?"

"உலக முடிவுக்குங்க" என்றான் ஆண்டியப்பன் மிகுந்த மரியாதையோடு.

கங்காணிக்கு முகம் மாறிவிட்டது. "பொறுமையா இரு ஆண்டியப்பா. எல்லாருக்கும் கஷ்டம் உண்டு" என்று தோளைத் தட்டிக்கொடுத்து, கேட்ட லீவையும் உடனே கொடுத்துவிட்டார்.

வினை அங்கேதான் பிடித்தது. ஆண்டியப்பன் பெண்டு பிள்ளைகளோடு உயிரை முடித்துக்கொள்ளப் போகிறான் என்று பத்து மணித் தேத்தண்ணிக்குள் மலை முழுக்கப் பரவியது. குடியுரிமை மனு தள்ளுபடியாகி, அந்த வேதனையில் இப்படிச் செய்கிறான் என்றார்கள் சிலர். இல்லை, ரகசியமாக இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறான், அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறான் என்றார்கள் வேறு சிலர். ஆண்டியப்பனுக்கு எதுவும் தெரியாது. அவன் பங்களா ஸ்டோர் அறையில் துரையின் பழைய கான்வஸ் பையைத் தேடி எடுத்து, கிழிந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவன் வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் மூன்று வருசமாக வேலாயியோடு பேசாமலிருந்த பக்கத்துக் காம்பிரா அம்மாக்கண்ணு, அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் ஏதாவது சொல்லியிருந்தா மனசுல வச்சுக்காத வேலாயி. ஒன்னோட இரும்புச் சட்டி எங்கிட்டதான் இருக்கு. அன்னைக்கு எடுக்கலன்னு சத்தியம் பண்ணினேன். இந்தா, பிடி."

தோட்டத்து மருந்தையாவும் வந்துவிட்டார். ஆண்டியப்பனை உட்காரவைத்து, நாக்கை நீட்டச் சொல்லி, கண் இமையை இழுத்துப் பார்த்து, "தூக்கம் வருதா? வீணா அழுகை வருதா?" என்று கேட்டார்.

ஆண்டியப்பனுக்கு இப்போதுதான் விளங்கியது. எழுந்து நின்று, "ஐயா, அது ஒரு எடத்தோட பேருங்க! ஒகியாவுக்கு மேல இருக்கு. தொரமாரு வேடிக்கை பாக்கிற எடம்!" என்று கத்தினான்.

கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. அம்மாக்கண்ணு மூக்கைச் சிந்திவிட்டு, இரும்புச் சட்டி இருந்த திசையைப் பார்த்தாள். வேலாயி அதற்குள் அதை உள்ளே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

"இந்த ஒண்ணுக்காகவே ஒங்க கூட வரலாம்" என்றாள் அன்றைக்குச் சோறு போடும்போது.

மாசியில் ஒரு திங்கட்கிழமை நாலு பேரும் அட்டனில் ரயிலேறினார்கள். ஆண்டியப்பன் துரையின் பழைய தொப்பியைப் போட்டிருந்தான். அது காதுவரை இறங்கியது. வேலாயி கொழுந்துக் கூடையை எடுத்து வந்திருந்தாள். "வேடிக்கை பாக்கப் போறவ கூடையோட வருவாளா?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதை அவள் காதில் வாங்கவில்லை. கரிப்புகையும் சுரங்கமும் மாறி மாறி வர, மத்தியானம் தாண்டி ஒகியாவில் இறங்கினார்கள். அங்கே ஒரு தோட்டத்தில் கந்தப்பனின் சின்னம்மா மகன் இருந்தான். அவன் லயத்தில் தங்கினார்கள்.

துரைசாணி சொல்வதை ஆண்டியப்பன் கேட்டிருந்தான்: ஒன்பது மணிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், பிறகு மூடுபனி வந்துவிடும். ஆகவே கோழி கூவுமுன்னே எல்லாரையும் எழுப்பிவிட்டான். ஆனால் தங்கவைத்தவர்கள் விடவில்லை. சொந்தக்காரர்கள் வெறும் வயிற்றோடு போவதாவது என்று ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தேத்தண்ணி ஊற்றி, ஊர்ச் செய்தி கேட்டு முடிக்க, பொழுது நன்றாக விடிந்துவிட்டது.

ஏற்றம் தொடங்கிய அரை மணியில் கான்வஸ் பையின் வார் அறுந்தது. முட்டைகள் உருண்டன. வேலாயி கோழி, ரொட்டி, போத்தல், டின் வெட்டி எல்லாவற்றையும் கூடையில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு மணி நேரத்தில் தொப்பியும் ஊன்றுகோலும் கூடைக்குள் போயின. அதற்கு மேல் கந்தப்பன் அக்காள் புருசனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தான்.

"மச்சான், நீங்களும் கூடைக்குள்ள ஏறிட்டா லேசா இருக்கும்."

மேலே வந்ததும் காடு விலகி, முழங்காலளவுப் புல் கண்ணுக்கெட்டியவரை விரிந்தது. மர நிழலில் வெள்ளையாக உறைபனி இன்னும் கரையாமல் கிடந்தது. ராசம்மா அதை அள்ளி வாயில் போட்டு, பல் கூசிக் குதித்தாள். தூரத்தில் ஒரு மான்கூட்டம் தலை தூக்கிப் பார்த்தது.

உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. பாதை முடிந்து, பாறை முடிந்து, அதற்கப்பால் வெள்ளைத் துணி தொங்கவிட்டது போல மூடுபனி. அதைத் தவிர ஒன்றுமில்லை.

"உலகம் நெசமாவே முடிஞ்சுதான் போச்சு" என்றான் கந்தப்பன், கோழியைப் பிரித்துக்கொண்டே.

ஆண்டியப்பன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். பதினொரு வருசம் அடுக்கிக் கொடுத்த பெட்டிகளெல்லாம் நினைவுக்கு வந்தன. யாரும் அவனைக் குறை சொல்லாதது இன்னும் வேதனையாக இருந்தது.

"அப்பா! இங்க வாங்க!"

காற்று ஒரு பக்கமாக அடித்து, பனி கிழிந்தது. காலுக்குக் கீழே மலை ஒரே வெட்டாக இறங்கியது. ஆண்டியப்பன் தவழ்ந்து வந்து, ஒரு புதரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பாதாளத்தில், கைக்குட்டை அளவில், பச்சைச் சரிவுகள். நடுவே தீப்பெட்டி அடுக்கினாற்போல் நீளமான தகரக் கூரைகள்.

வேலாயி நெற்றிக்கு மேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அது லயம்" என்றாள். "இந்தப் பக்கம் தேயில மல. அந்த ஓரத்துப் பச்ச கறுத்திருக்கு பாருங்க. கொழுந்து முத்திருச்சு. பறிக்கிற ரவுண்டத் தவறவிட்டுட்டாங்க. எந்தக் கங்காணியோ!"

முதலில் சிரித்தது ராசம்மா. பிறகு கந்தப்பன், வாயில் கோழியோடு. ஆண்டியப்பனுக்கு அழுகை வருகிறதா சிரிப்பு வருகிறதா என்று தெரியாமல் வயிறு குலுங்கியது. சிரித்து ஓய்வதற்குள் பனி மறுபடி மூடிவிட்டது. அவர்கள் அந்தப் பாறையிலேயே மத்தியானம்வரை இருந்தார்கள். வேலாயி காலை நீட்டி, சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு தூக்கமும் போட்டாள்.

திரும்பும்போது ரயில் படியில் ஆண்டியப்பனின் முழங்கால் மடங்க மறுத்தது. மூன்று பேர் சேர்ந்து அவனை ஏற்றி உட்காரவைத்தார்கள். நானுஓயா தாண்டும்வரை கேட்கத் தைரியமில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"எப்படி இருந்துச்சு?"

வேலாயி ஜன்னலுக்கு வெளியே தாண்டிப்போகும் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேல நாளு. வெயில் ஏறுன பெறகும் நான் படுத்து தூங்கியிருக்கேன். அத அம்மாக்கண்ணுகிட்ட சொன்னா நம்பமாட்டா" என்றாள். அவன் பக்கம் திரும்பி, "காலு ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டு, அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.