நூற்றெட்டு மாம்பழமும் ஒரு மரநாயும்

காரைக்காலில் மாங்கனித் திருவிழாவின்போது சாமி வரும் தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. வருடத்தில் மற்ற நாட்களில் இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனி மாதத்தில் அந்த ஒரு நாள் மட்டும், தெருவைப் பார்த்த பால்கனி உள்ள வீடு என்பதற்காகவே, சொந்தக்காரர்கள் எங்களை நினைத்துக்கொள்வார்கள். பிச்சாண்டவர் தெருவுக்குள் வரும்போது வேண்டுதல் உள்ளவர்கள் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்கும் கூட்டம் பிடித்துக்கொள்ளும். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. பிறந்த பிறகு அவர்களும் வந்து வீச வேண்டும்.

பக்கத்து ஊரான தலத்தெருவில் இருக்கும் என் தங்கை மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வாசலில் நின்று அப்படி ஒரு பழத்தைப் பிடித்தாள். அது அவள் நெற்றியில் பட்டுத்தான் கைக்கு வந்தது. அன்றைய என் டைரியில் ‘தங்கைக்கு நெற்றியில் வீக்கம், ஐஸ் வைத்தோம்’ என்று இருக்கிறது. மறு வருடம், கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒன்றரை வயது ஆனதும் வேண்டுதலை நிறைவேற்ற வந்தாள். நூற்றெட்டுப் பழம் வீசுவதாக வேண்டியிருந்தாள்.

“நூத்தியெட்டுன்னா நூத்தியெட்டு அண்ணே. எண்ணித்தான் வேண்டிக்கிட்டேன். எண்ணித்தான் போடணும்” என்றாள்.

இந்தப் பொறுப்பை அவள் என்னிடம் கொடுத்ததில் ஆச்சரியமில்லை. நான் இருபத்தாறு வருடமாக டைரி எழுதுகிறேன். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, காஸ் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, தண்ணீர்த் தொட்டி எப்போது நிரம்பியது எல்லாம் அதில் இருக்கும். என் மனைவி இதை ஒரு வியாதி என்பாள். ஆனால் சிலிண்டர் எப்போது தீரும் என்று என்னைத்தான் கேட்பாள்.

திருவிழாவுக்கு ஆறு நாள் முன்பு, திங்கட்கிழமை, ருமானி மாங்காய் நூற்று இருபத்தைந்து, பழுக்கத் தொடங்கிய செங்காயாக வாங்கினேன். அழுகலுக்கும் சேதாரத்துக்கும் பதினேழு கூடுதல். மூன்று மூங்கில் கூடைகளில் வைக்கோல் போட்டு அடுக்கி, மாடியில் பின்பக்கம் இருக்கும் சிறிய ஓட்டு அறையில் வைத்தேன். புதன்கிழமை மாலை தங்கையும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். தங்கை குழந்தையோடு கீழே படுத்தாள். மாப்பிள்ளை, காற்று வரும் என்று, மாடிக் கூடத்தில் படுத்தார். அதாவது மாம்பழ அறைக்கு நான்கு அடி தள்ளி.

மாப்பிள்ளை போலகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சர்க்கரை வியாதிக்காரர். மாம்பழம் அவருக்கு ஆகாது. ஆகாதது என்ன, மாம்பழப் படம் போட்ட காலண்டரைக்கூடத் தங்கை அவர் வீட்டில் மாட்ட விடுவதில்லை.

வியாழக்கிழமை காலை எண்ணினேன். நூற்று இருபத்தொன்று. தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். நூற்று இருபத்தொன்றுதான். வெள்ளிக்கிழமை காலை நூற்றுப் பதினாறு. அன்று மாலை அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். சனிக்கிழமை காலை நூற்றுப் பன்னிரண்டு. ‘மாப்பிள்ளைக்குப் பூட்டுத் திறக்கத் தெரியுமா? விசாரிக்க’ என்று எழுதினேன்.

இன்னொரு விஷயமும் அந்த மூன்று நாளும் டைரியில் இருக்கிறது. விடியற்காலை நான் மோட்டார் போட மாடிக்குப் போகும்போதெல்லாம் பாசுமதி அரிசி வேகும் வாசனை அடித்தது. பின்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தனியாக இருக்கிறார். சுவருக்கு மேலே அவரைப் பார்த்து, விருந்தாளிகள் வந்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

“யாரும் வரலீங்களே. ஏன் கேக்கிறீங்க?”

“விடியக்காலம் பிரியாணி வாசனை வருது சார்.”

“நான் ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு எட்டு மணிக்குப் படுக்கிற ஆளுங்க” என்றார். அவர் எதையோ மறைக்கிறார் என்று குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இட்லி சாப்பிடும்போது டைரியைக் கொண்டுவந்து நான்கு நாள் கணக்கையும் படித்துக் காட்டினேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் படித்து முடித்ததும் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். தங்கை எழுந்துபோய் சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்துவந்து, அந்த இடத்திலேயே அவர் விரலைக் குத்தினாள். இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

“இட்லி சாப்பிட்டா ஏறத்தான் செய்யும்” என்றார் மாப்பிள்ளை.

“பதிமூணு மாம்பழம் சாப்பிட்டாலும் ஏறும்” என்றாள் தங்கை.

“பதிமூணு தின்னா மெஷினே வெடிச்சிருக்கும்டி. மச்சான், நானே கணக்கு வாத்தியாரு. எனக்கே கணக்குக் காட்டுறீங்களா?”

அன்று மத்தியானம் அவர் ரசத்தோடு நிறுத்திக்கொண்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் எண்களோடு நான் என்ன செய்ய முடியும்?

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. பத்தரைக்கு மேல் சாமி எங்கள் தெருவுக்கு வரும் என்றார்கள். எட்டரைக்கெல்லாம் தெருவில் நிற்க இடமில்லை. பழங்களைக் கழுவிப் பால்கனிக்குக் கொண்டுபோக நான் அறையைத் திறந்தேன். பாசுமதி வாசனை முகத்தில் அடித்தது. மூன்றாவது கூடையின் விளிம்பிலிருந்து கறுப்பாக ஒரு கயிறு தொங்கியது. நான் கூடைக்குக் கயிறு கட்டவில்லை. எடுத்து ஓரமாகப் போடலாம் என்று பிடித்தேன். கயிறு வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு அது என் கையிலிருந்து தன்னைத்தானே உருவிக்கொண்டது.

நான் கத்தியதாக மனைவி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

எல்லாரும் மேலே ஓடிவந்தார்கள். வைக்கோலில் சுருண்டு, பூனையைவிட நீளமாக, சாம்பல் நிறத்தில், முதுகில் கறுப்புக் கோடுகளோடு ஒன்று படுத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. முகத்தில் கறுப்பு முகமூடி போட்டதுபோல் இருந்தது. மேலே பார்த்தேன். ஒரு ஓடு நகர்ந்து வானம் தெரிந்தது. கதவுக்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

“கீரி” என்றாள் மனைவி.

பின்வீட்டுத் தலைமையாசிரியர் சத்தம் கேட்டுத் தன் மாடிச் சுவருக்கு மேலே தலையை நீட்டியிருந்தார். நான் அடையாளங்களைச் சொன்னேன். “மரநாய்ங்க அது. ராத்திரிதான் வெளிய வரும். பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும். பிரியாணி வாசனைன்னு சொன்னீங்களே, அதுவும் அதோட வாசனைதாங்க” என்றார். பிறகு நிதானமாக, “என்னைய இல்ல சந்தேகப்பட்டீங்க” என்றார்.

மாப்பிள்ளை கதவருகில் நின்று அந்த மிருகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் இட்லிக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

“மச்சான், டைரியைக் கொண்டாங்க. எம் பேரை அடிச்சுட்டு இது பேரை எழுதுங்க.” பிறகு தங்கையிடம் திரும்பி, “அந்த மெஷினை எடுத்தா. இதுக்கும் சுகர் பாரு” என்றார்.

தங்கைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. “அண்ணே, மணி ஒம்பதாவுது. பழம் அதுக்கு அடியிலல்ல கெடக்கு” என்றாள்.

வனத்துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். “அடிச்சுக்கிடிச்சு வைக்காதீங்க சார், சட்டப்படிக் குத்தம். அது ஒண்ணும் பண்ணாது. பொழுது சாஞ்சா தானே போயிரும்.”

“சாமி பத்தரைக்கு வருதுங்க.”

“தெரியும் சார். எங்க வண்டியும் அந்தச் சாமிக்குப் பின்னாலதான் மாட்டிக்கிட்டு நிக்குது.”

முதல் இரண்டு கூடைகளை மெதுவாக இழுத்து வெளியே எடுத்துவிட்டோம். மூன்றாவதில்தான் அது படுத்திருந்தது. நான் போகத் தயாராகத்தான் இருந்தேன், ஆனால் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். நிரபராதி என்று ஆகிவிட்டதால் அவருக்குத் தைரியம் கூடியிருந்தது. என் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி உள்ளே போனார். குடைக் கம்பி கூடையில் பட்டதும் அது கண்ணைத் திறந்தது. வாயை அகலமாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது. பிறகுதான் சீறியது.

“என்னைய ஏன் மொறைக்கிற? உன்னாலதான் நான் பேச்சு வாங்கினேன்” என்று குடைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை அதனிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அது அவசரப்படவில்லை. கூடையிலிருந்து டிரங்குப் பெட்டி மேல், பெட்டியிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து உத்தரம் என்று ஏறி, அங்கே படுத்து வாலைத் தொங்கவிட்டது. மாப்பிள்ளை கூடையோடு பின்னாலேயே நடந்து வெளியே வந்தார். கதவைச் சாத்தினேன். மணி பத்து ஆறு.

தங்கை கழுவக் கழுவ நான் எண்ணினேன். மூன்றாவது கூடையில் ஐந்து பழம் பாதி கடிபட்டுக் கிடந்தன. ஐந்தும் நல்ல பழங்கள். நான் தேர்ந்தெடுத்திருந்தாலும் அந்த ஐந்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன். அவற்றைத் தள்ளிவைத்து முழுப்பழங்களை எண்ணினேன். நூற்றேழு. தங்கை எண்ணினாள். நூற்றேழு. மாப்பிள்ளை பத்துப் பத்தாகக் கூறு கட்டி எண்ணினார். நூற்றேழு.

மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது.

“ஒண்ணுதானே? சாமி என்ன எண்ணிக்கிட்டா நிக்கப்போவுது?” என்றாள் என் மனைவி.

“நான் எண்ணுவேன்ல அண்ணி” என்றாள் தங்கை.

கடித்த பழத்தைக் கழுவி ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டேன். எச்சில் பழத்தைப் போடமாட்டேன் என்றாள். வெளியே போய் வாங்கலாம் என்றால் வாசற்கதவைத் திறக்கவே முடியவில்லை. ஜனம் கதவின்மேல் சாய்ந்து நின்றது. எதிர்வீட்டு மாடியில் ஏற்கெனவே வீசத் தொடங்கியிருந்தார்கள். அதில் ஒன்று தவறி எங்கள் பால்கனியில் வந்து விழுந்தது. நான் அதைக் கையில் எடுத்தேன். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் அதைத் தெருவுக்கே போட்டுவிட்டேன். அது வேறு யாரோ ஒருத்தியின் வேண்டுதல்.

தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. “ஒம்பது வருசம் கேட்டு வாங்கினது. ஒரு பழத்துக்குக் கடன் வச்சுட்டுப் போகச் சொல்றீங்க. அடுத்த வருசம் ஒண்ணை மட்டும் தூக்கிட்டு வர்றதா?” என்றாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். குடையை மடக்கி, மறுபடி விரித்து, மறுபடி மடக்கிக்கொண்டிருந்தார். மேளம் நெருங்கிவிட்டது. அவர் படியிறங்கிப் போனார். கீழே நடையில் நிறுத்தியிருந்த அவருடைய ஸ்கூட்டரின் சீட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தார். ருமானி. நல்ல மஞ்சள், ஒரு வைக்கோல் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

“நம்ம கூடையில உள்ளதுதான். வியாழக்கெழமை எடுத்தேன். இன்னும் தொடலை” என்றார். யாரையும் பார்க்காமல் கழுவும் வாளியில் அதைப் போட்டார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்புதான் அவர் பெயர் சுத்தமாகியிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பழம் மரநாயின் கணக்கில் போயிருக்கும்.

“எப்பத் தின்கிறதா இருந்தீங்க?” என்று தங்கை கேட்டாள்.

“நாளைக்கு. நீ குளிக்கப் போகையில.”

அவள் அந்தப் பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்தாள். “நூத்தியெட்டு” என்றாள். பிறகு அதை அவரிடமே நீட்டினாள். “நீங்களே கடைசியாப் போடுங்க.”

பிச்சாண்டவர் எங்கள் வீட்டைக் கடக்க எடுத்துக்கொண்டது பதினொரு நிமிடம். தங்கை இரண்டு கையாலும் வீசினாள். கீழே புடவையை விரித்தவர்கள், குடையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள், வெறும் கையோடு தாவியவர்கள். நான் எண்ணிக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். நூற்றெட்டாவதை மாப்பிள்ளை, குழந்தையின் கையைத் தன் கையோடு சேர்த்துப் பிடித்து, ஒரு நிமிடம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டார். கீழே மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் அதைப் பிடித்தாள். அவள் நெற்றியில் படாமல்தான் பிடித்தாள்.

மாலை ஆறு ஐம்பதுக்கு மரநாய் உத்தரத்திலிருந்து எழுந்து சோம்பல் முறித்து, ஓட்டு இடுக்கு வழியாகப் போனது. தள்ளிவைத்த ஐந்து பாதிப் பழங்களையும் தங்கை ஓட்டின் மேல் வைக்கச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அதன்மேல் கோபம் இல்லை. நான் அறையைப் பெருக்கினேன். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கொட்டைகள் கிடந்தன. பதினொன்று.

சனிக்கிழமை வரை குறைந்தவை பதின்மூன்று. மரநாய் பதினொன்று, மாப்பிள்ளை ஒன்று. இன்னும் ஒன்றுக்குக் கணக்கு உதைத்தது. ஸ்கூட்டரில் வேறு பொட்டலம் இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. கணக்கைத் திருத்தி எழுத டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். புதன்கிழமைப் பக்கம், மத்தியானம் இரண்டு மணி, என் கையெழுத்தில்: ‘பழுத்துவிட்டதா என்று ஒன்று அறுத்துப் பார்த்தோம். நன்றாக இருந்தது.’ அதைக் கழிக்கவேயில்லை.

டைரியை மூடிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பழத்தை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்தாரா? கீழே கிளம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாத்தியார் விடைத்தாள் பார்ப்பதுபோல் நிதானமாகப் படித்தார்.

“நன்றாக இருந்தது” என்று சத்தமாகவும் ஒருமுறை படித்தார்.

“மன்னிச்சுருங்க மாப்ள.”

சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். “திருத்துங்க மச்சான், நான் பாக்குறேன்” என்றவர், குரலைத் தாழ்த்தி, “நீங்களாவது தின்னீங்க” என்றார்.