இந்தியாவிலேயே அதிக கேப்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னை எங்கள் வீட்டு ஓனர் சாந்தம்மா ஓரமாகக் கூப்பிட்டு, தன் தங்கை மகனுக்கு ஒரு டிரைவர் வேலை வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். யாரிடம் என்று எனக்குப் புரியவில்லை. "அதான்மா, உன் ஃபிரெண்டு. இந்தியாவிலயே ஜாஸ்தி கேப் அவங்களுக்குத்தான்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரே. எல்லாம் ஏர்போர்ட்டுக்கு ஓடுதா, ஐடி கம்பெனிக்கு ஓடுதா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ்ளோ வண்டி வச்சிருக்கறவங்க ஏன் உன் வீட்ல தரையில படுத்துனு இருக்காங்க? ஏனாதரூ, ஏதாவது ப்ராப்ளமா?" என்று கேட்டார்.

கால்பந்தில் ஒருவர் தன் நாட்டு அணிக்காக ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு கேப் என்று கணக்கு வைப்பார்கள். ஒரு காலத்தில் ஆட்டத்துக்கு ஒரு தொப்பி நிஜமாகவே கொடுத்தார்களாம். ஆனால் பெங்களூரில் கேப் என்றால் ஒரே அர்த்தம்தான். அது தெருமுனையில் வந்து நின்றுகொண்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று போன் செய்யும் வண்டி. நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "வண்டி இல்லம்மா, தொப்பி. அவளுக்குத் தொப்பி போட்டாங்க" என்று விளக்கப் பார்த்தேன். சாந்தம்மாவின் முகம் மாறிவிட்டது. கன்னடத்தில் ஒருவருக்கு டோப்பி போடுவது என்றால் ஏமாற்றுவது. "யாரும்மா டோப்பி போட்டது? போலீஸ்ல சொன்னீங்களா?" என்றார். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடங்கள் ஆகியும் எனக்கு அலுப்புத் தருவது வேலையோ நெரிசலோ இல்லை. எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருப்பதும், இரண்டாவது தடவை இன்னும் மோசமாகப் போய் முடிவதும்தான். அன்றைக்கு, அவள் ஃபுட்பால் ஆடுகிறவள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அவள் பெயர் சரளா. கடலூரில் நானும் அவளும் ஒரே மைதானத்தில், ஒரே கோச்சிடம், ஒரே ஜோடி பூட்ஸை மாற்றி மாற்றிப் போட்டு ஆடக் கற்றுக்கொண்டவர்கள். அவள் இடது பக்கத் தடுப்பாட்டக்காரி, நான் முன்வரிசை. இரண்டு பேரும் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குப் போனோம். அவள் அங்கேயே இருந்துவிட்டாள். நான் திரும்பி வந்து, அடுகோடியில் லேத் பட்டறையில் வேலை செய்யும் பாபுவைக் கல்யாணம் செய்துகொண்டு, ஈஜிபுராவில் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தேன். இப்போது வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயற்கைப் புல் மைதானத்தில் சாயங்காலங்களில் குழந்தைகளுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். கடல் தாண்டிப் போனவர்கள் எழுதுவதைப் படிக்கும்போது, என்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கும். கடலூருக்கும் எனக்கும் நடுவே ஓர் இரவு பஸ் பயணம்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேட்டில் தினமும் செக்யூரிட்டியிடம் நின்று, யார் வீட்டுக்கு, என்ன வேலை என்று சொல்லிவிட்டு உள்ளே போகும்போது தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கத் தோன்றுவதில்லை.

சரளா எங்களிடம் வந்தது முட்டியை டாக்டரிடம் காட்ட. ஒடிசா, கோவா, மணிப்பூர் என்று கிளப் மாறி மாறி ஆடியவள். நாட்டின் எல்லா மூலையிலும் ஹாஸ்டல் கட்டில்களில் தூங்கியிருக்கிறாள். ஊரில் அவள் அறையில் இப்போது அண்ணன் குழந்தைகள் படிக்கிறார்கள். அவள் தமிழ்கூட மெலிந்து போயிருந்தது. சோறு போதும் என்பதை இந்தியில் "பஸ், பஸ்" என்று சொல்லிவிட்டு, தானே வெட்கப்பட்டுச் சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"ஃபுட்பால்."

"அது சரி. வேலை என்ன?"

"அதான் சார் வேலை."

"ஓ, ஸ்கூல்ல பி.டி. டீச்சரா?" என்று அவரே முடிவு செய்து எழுதிக்கொண்டார். சரளா மறுக்கவில்லை. ஜவ்வு ஏற்கெனவே இரண்டு முறை தைத்தது, இப்போது எலும்பும் எலும்பும் உரசுகிறது என்று அவர் விளக்கினார். "நடக்கறதுக்கு இந்த முட்டி போதும். விளையாடறதுக்குப் போதாது" என்றார். அவள் "ஓகே சார்" என்று, மாத்திரை எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வது போல அதை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் திரும்பி வரும்போது தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோனி வேர்ல்ட் சிக்னலில் நின்றபோது, "இந்த ஊர்ல எப்டிடீ இருக்க?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லுவதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது.

சில நாள் கழித்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தேசிய அணியின் கோச்சிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. இந்தியில் பேசினாள். நிறைய "ஜி சர்". வைத்துவிட்டு, விரல்களில் காய்ந்திருந்த சோற்றைச் சுரண்டினாள். பிறகுதான் சொன்னாள். அண்டை நாட்டு அணி ஒன்று பெங்களூரில் ஆட வருகிறது. இன்னும் ஓர் ஆட்டம் ஆடினால், பெண்கள் அணியில் அதிக கேப் ஆடிய மூத்த ஆட்டக்காரரின் கணக்கை அவள் தொட்டுவிடுவாள். இது கோச்சுக்குத் தெரியும்.

"கடைசி அஞ்சு நிமிஷம் எறக்கறாங்களாம். மரியாதைக்கு" என்றாள்.

"முட்டி விஷயம் சொன்னியா?"

"சொன்னேன். ஓட வேணாம், நின்னா போதும்னாரு."

பாபுவுக்கு மகிழ்ச்சி. இந்தியாவிலேயே அதிக கேப் என்று சாந்தம்மாவிடம் அவர் முந்திக்கொண்டு சொன்னது இந்தச் சந்தோஷத்தில்தான். "சரளா, ரெக்கார்டுன்னு ஒண்ணு இருந்தா நாளைக்குக் கோச் வேலைக்காவது கூப்பிடுவாங்கல்ல" என்றார். அதுவும் உண்மைதான். கிளப் ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது. பந்தைத் தவிர வேறெதிலும் அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் அவள் கை கழுவப் போகும்போது என்னிடம் மட்டும் மிச்சத்தைச் சொன்னாள். "ஸ்குவாட்ல எனக்கு எடம் வேணும்ல. ஜார்க்கண்ட் பொண்ணு ஒருத்தி, என் எடத்துலதான் ஆடறா, நல்லா ஆடறா. அவள வெளிய வெக்கறாங்க. அவளுக்கு இது மொத மேட்ச்சா இருந்திருக்கும். நீ என்ன சொல்ற?"

வேறு யாரிடம் வேண்டுமானாலும் அவள் அதைக் கேட்டிருக்கலாம். நானும் ஒரு முறை தேசிய அணியின் நீல பனியனைப் போட்டுக்கொண்டு கோட்டோரமாக ஓடி உடம்பைச் சூடாக்கியிருக்கிறேன். என்னைத்தான் இறக்கப் போகிறார்கள் என்று கோச் சொல்லியிருந்தார். ட்ராக் சூட்டைக் கழற்றி மடித்தும் வைத்துவிட்டேன். அப்போது யாரோ வந்து அவர் காதில் ஏதோ சொன்னார்கள். ஓய்வு பெறப் போகும் மூத்த அக்கா ஒருவரை இறக்கினார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, நானும் தட்டினேன். அடுத்த முகாமுக்கு என்னைக் கூப்பிடவில்லை. சரளா அன்றைக்குக் களத்துக்குள் இருந்து அதையெல்லாம் பார்த்தவள். அன்று இரவு ஹாஸ்டலில் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். ஊரில் சிலர் இன்னமும் என்னை இந்தியாவுக்கு ஆடியவள் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நான் திருத்துவதில்லை. திருத்தினால் அதற்கு ஒரு பெரிய விளக்கம் சொல்ல வேண்டும்.

வருடக்கணக்காக அந்த அக்காவின் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அது எப்போது போனதென்று தெரியவில்லை. சரளா படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவதைப் பார்த்த நாட்களில் போயிருக்கலாம். அந்த அக்காவின் முட்டி அன்றைக்கு எப்படி இருந்ததோ, யார் கண்டது. "போ" என்று சொன்னேன். நியாயம் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவள் வேண்டாமென்று இருந்துவிட்டால், அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஒற்றை அறையில் மூன்று பேரும் பேசாமல் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

ஆட்டத்துக்குச் சாந்தம்மாவும் வந்தார். வண்டியும் இல்லை, டோப்பியும் இல்லை என்றால் அது என்னதான் கேப் என்று பார்த்துவிட வேண்டுமாம். ஜரிகைக் கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு, டப்பாவில் சித்ரான்னம் எடுத்துக்கொண்டு வந்தார். மைதானத்தில் கூட்டம் அதிகமில்லை. பள்ளிக்கூடச் சீருடையில் கொஞ்சம் பிள்ளைகள், வேலை முடிந்து வந்த சில வடகிழக்குப் பையன்கள். நம் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. முடியப் போகும் நேரத்தில் சரளா கோட்டருகே வந்து நின்றாள். முட்டியில் பட்டை பட்டையாக டேப். ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல் அவள் பெயரைச் சொல்லி, சாதனையைச் சொல்லி, "நம்ம பெங்களூரு ஹுடுகி" என்று முடித்தது. முகாமில் அவள் எங்கள் ஈஜிபுரா முகவரியைக் கொடுத்திருந்தாள், அதை வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பெங்களூர்ப் பெண் என்றதும் இருந்த கூட்டமெல்லாம் எழுந்துவிட்டது. சாந்தம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

அவள் உள்ளே போய் இடது ஓரத்தில் நின்றாள். சொன்னபடி ஓடவில்லை.

"யாக்கம்மா, ஏன் ஓடாம நின்னுனே இருக்காங்க?"

"நிக்கத்தான் சொல்லியிருக்காங்கம்மா."

"அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் வரணும்?" என்றார் சாந்தம்மா. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.

பிறகு எதிரணியின் சின்னப் பெண் ஒருத்தி பந்தோடு அந்த ஓரத்தில் வேகமாக வந்தாள். சரளா அவளை விட்டுவிட்டிருக்கலாம், பின்னால் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவள் நாலு எட்டு ஓடி, சரிந்து விழுந்து, பழைய மாதிரியே சுத்தமாகப் பந்தை மட்டும் வெளியே தட்டிவிட்டாள். எழுந்திருக்க நேரமானது. நடுவர் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார். அவள் கையை ஊன்றி எழுந்து, சரி என்று சைகை காட்டினாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் பந்து அவள் பக்கம் வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் ஒரு பூங்கொத்தும் கண்ணாடிச் சட்டம் போட்ட பனியனும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடக்க அவளுக்குச் சிரமமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தவள் முட்டியிலிருந்து டேப்பைப் பிரித்தாள். "இத யாரு சுத்தி விட்டது தெரியுமா? அந்த ஜார்க்கண்ட் பொண்ணுதான். தீதி, டைட்டா இருக்கா, வலிக்குதான்னு கேட்டுக் கேட்டுச் சுத்தினா" என்றாள். நான் பிரித்த டேப்பை வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். சற்று நேரத்தில் அவள் அண்ணன் கடலூரிலிருந்து கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "நாங்க இங்க மண்ணின் மகள்னு பேனர் அடிச்சி வெச்சிருக்கோம். நீ பெங்களூர்ப் பொண்ணுன்னு எப்டி சொல்ல விட்ட? எல்லாரும் கேக்கறாங்கம்மா." அவள், "நான் சொல்லலண்ணா" என்றாள். அவருக்கு அது போதவில்லை. அதே நேரத்தில் கீழே சாந்தம்மா பக்கத்து வீட்டாரிடம், நம்ம மனே ஹுடுகி, நம்ம வீட்டுப் பெண் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது படி வழியாக மேலே வந்தது.

பாராட்டு விழாவுக்கு ஊருக்குப் போனாள். இரண்டு ஊர்க்காரர்கள் சொந்தம் கொண்டாடும் அளவுக்கு அவளுக்கு ஆகிவிட்டதே, இனி அங்கேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்த வாரம் முடிவதற்குள், மடிவாளாவில் பஸ் இறங்கி, விடியற்காலையில் கதவைத் தட்டினாள். காபி குடித்துக்கொண்டே சொன்னாள்: "அங்க எல்லாரும் எப்ப கெளம்பறன்னு கேட்டாங்க. இங்க சாந்தம்மா எப்ப வந்தன்னு கேக்கறாங்க." கோச்சிடமிருந்து அதற்குப் பிறகு போன் வரவில்லை. அந்த மூத்த ஆட்டக்காரரைத் தாண்ட இன்னும் ஓர் ஆட்டம் வேண்டும். அது நடக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமென்று நேற்று அவளை என்னோடு வைட்ஃபீல்டுக்குக் கூட்டிப் போனேன். கேட்டில் இருந்த நோட்டில் அவள் பெயரையும் எழுதினேன். எதற்கு வந்தது என்ற இடத்தில் விருந்தாளி என்று எழுதினேன். குழந்தைகள் இரண்டு அணியாகப் பிரிந்தபோது ஒரு பக்கம் ஆள் குறைந்தது. சரளா தலைக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கோட்டருகே நின்றிருந்தாள். ஒரு சிறுமி வந்து அவளை அண்ணாந்து பார்த்து, "ஆன்ட்டி, நீங்க காமன்" என்றாள். காமன் என்றால் இரண்டு அணிக்கும் பொது ஆள். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு ஆட வேண்டும். சரளா என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் நடுக்கோட்டை விட்டு அதிகம் நகராமல், வந்த பந்தை ஒரு முறை இந்தப் பக்கமும் ஒரு முறை அந்தப் பக்கமுமாகத் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.