டிரிப் ஏறிய கை

மூக்கண்டப்பள்ளியில் ஒரு மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். தினமும் காலையில் மெஷினைக் குளிரவைக்கும் கூலன்ட் தொட்டியில் மாதிரி எடுத்து அடர்த்தி பார்ப்பது என் பொறுப்பு. தண்ணீர்க் குழாய் விழும் பக்கம் எடுக்கக் கூடாது. அங்கே நீர்த்துப்போய்ப் பொய்யாகக் காட்டும். அப்படி எடுத்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

என் மனைவிக்குக் குடல்வால் வெடித்து ஓசூரில் அவசர ஆபரேஷன். ரத்தத்தில் வெள்ளை அணு இருபதாயிரம் இருந்தது. பதினோராயிரத்தைத் தாண்டினாலே கிருமி இருக்கலாம் என்றார்கள்.

"மயக்க மருந்து, ஆபரேஷன் எல்லாம் சேந்து ரெண்டு நாள் கவுன்ட்டை ஏத்திக் காட்டும். டிரிப் நெறைய ஏறினா ரத்தம் நீர்த்துக் கொஞ்சம் எறக்கியும் காட்டும். பதறாதீங்க. நாளைக்கும் கொறையலைன்னா மருந்தை மாத்திடலாம்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், தளி ஊர்ப் பக்கத்துச் சின்னப் பெண். இடது கையில் நான்கு இடம் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. "போதும்னு சொல்லுங்க" என்று என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே.

"மனுசியா, பொம்மையா? டிரிப் போற கையிலயே எடும்மா!"

"அதுல எடுக்கக் கூடாதுங்கண்ணா. தப்பாக் காட்டும்."

"நான் சொல்றேன், எடு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் பயந்துபோய் எடுத்தாள்.

ஒன்பதாயிரம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் தாளைப் பார்த்து அதே மருந்தைத் தொடரச் சொன்னார். எந்தக் கை என்று கேட்கவில்லை. நர்ஸ் என் முகத்தைப் பார்த்தாள். தெரியாமல் ஒன்றும் இல்லை, தொட்டியில் தினமும் பார்க்கிறவன் நான். ஆனாலும் அந்த ஒன்பதாயிரம் எனக்கு வேண்டியிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் குளிர்காய்ச்சலில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. காலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். முப்பதாயிரம். ரத்தம் முழுக்கக் கிருமி பரவிவிட்டது. அப்போதுதான் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "நேத்தே மாத்தியிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். நாலு அறை விட்டிருக்கலாம் பாவி மனுஷன்.

ஐசியுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கேட்டாள்.

"இன்னிக்கு எவ்வளவுங்க?"

"அதே ஒன்பதாயிரந்தான்."

"அப்பாடா. அந்தப் பொண்ணத்தான் பாவம், திட்டிட்டீங்க. போயி ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிட்டு வாங்க."

"சொல்லிடறேன்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து உடலாகத்தான் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடும்போது அந்தப் பெண் எதிரில்தான் நின்றிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.